அம்மாவின் எட்டு மணி

வெளிநாடு கிளம்பும்போது நேர வித்தியாசத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அதெல்லாம் போனே மாத்திக்கும்." மகள் சொன்னாள், மருமகன் சொன்னார், விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓசூர்ப் பையனும் சொன்னான். அவர்கள் சொன்னது பொய்யில்லை. போன் மாற்றிக்கொண்டது. 2024 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் என் தலைமாட்டில் இருந்தபடியே அது சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் பின்னால் போனது. அன்று இரவு, காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், 81 வயது அம்மா இன்சுலின் போட்டுக்கொண்டு, இட்லித் தட்டை எதிரில் வைத்துக்கொண்டு, என் அழைப்பு வரட்டும் என்று ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு நான் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டேன், அம்மாவும் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முப்பது வருடம் அரசுப் பள்ளிகளில் புவியியல் நடத்தியவள் நான். வேலைக்குச் சேர்ந்தபோது தருமபுரி மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பள்ளியின் பெயர்ப்பலகையில் ஒரு சொல் மாறியது. ஆனால் ஒவ்வொரு வருடமும் தீர்க்கரேகைப் பாடம் அதே பாடம்தான். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம். மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைதான் நம் நாட்டுக் கடிகாரத்துக்கு ஆதாரம். "கிரீன்விச்சில் மதியம் 12 மணின்னா கிருஷ்ணகிரியில் எத்தனை மணி?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "சாயங்காலம் அஞ்சரை டீச்சர்" என்று கத்தும். பரீட்சைக்கு அது சரியான விடை. ஆனால் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை, அந்த ஊர்ச் சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்து ஒருவர் கேட்டால் அது தவறான விடை. அந்த ஏழு மாதமும் இங்கிலாந்துக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். வித்தியாசம் நாலரை மணி நேரம்தான். இதை நான் ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரிலிருந்து முதலில் வெளிநாடு போனவர்கள் துபாய்க்கும் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், குவைத் இரண்டரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். சித்திரையானாலும் மார்கழியானாலும் அதே கணக்கு. ஒரு தடவை மனப்பாடம் செய்துவிட்டால் போதும். வித்தியாசம் என்பது ஊருக்கு ஊர் மாறுவது, வருடத்துக்குள் மாறாதது என்று ஒரு எண்ணம் எங்களுக்குள் படிந்துவிட்டது. பிள்ளைகள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போக ஆரம்பித்த பிறகும் அந்த எண்ணம் அப்படியே இருக்கிறது.

விடிந்தால் சனிக்கிழமை

மகளின் பேறுகாலத்துக்காகத்தான் கிளம்பினேன். முதல் குழப்பம் ஊரை விட்டுப் போவதற்கு முன்பே வந்துவிட்டது. டிக்கெட்டில் செப்டம்பர் 14, சனிக்கிழமை, 03:50 என்று இருந்தது. பெங்களூரு விமான நிலையத்துக்குக் கார் சொல்லும் பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டான். டிக்கெட்டைப் பார்த்து, சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வரச் சொல்லி டிரைவரிடம் பேசி முடித்துவிட்டான். புதன்கிழமை பெட்டி கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை 03:50 என்பது வெள்ளிக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை ராத்திரி நாங்கள் போய்ச் சேரும்போது விமானம் போய்க் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும்.

தம்பி கவனம் இல்லாதவன் இல்லை. நம் பேச்சில் நாள் என்பது நள்ளிரவில் முடிவதில்லை. ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை பிறந்தால்கூட "வெள்ளிக்கிழமை ராத்திரி, விடிஞ்சா சனி" என்றுதான் சொல்வோம். பஞ்சாங்கமும் சூரிய உதயத்திலிருந்து சூரிய உதயம் வரைக்கும்தான் ஒரு கிழமை என்று கணக்கு வைக்கிறது. விமான டிக்கெட் அச்சடிக்கிறவர்களுக்கு நாள் 00:00 மணிக்குப் பிறந்துவிடுகிறது. வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்கள் பல நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில்தான் புறப்படுகின்றன. அதனால் இந்த இரண்டு கணக்கும் மோதிக்கொள்ளாமல் இருக்காது. இப்போது யாராவது டிக்கெட்டைக் காட்டினால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்த ராத்திரி வீட்டை விட்டு வெளியே காலை வைக்கணும்?" அந்த ராத்திரியின் கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிக்கெட்டில் இன்னொன்றும் உண்டு. அதில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். பெங்களூரில் 03:50க்குப் புறப்பாடு, தோகாவில் மாற்றம், மான்செஸ்டரில் 13:00க்கு இறக்கம். கழித்துப் பார்த்தால் ஒன்பது மணி நேரப் பயணம் போலத் தெரியும். உண்மையில் 13 மணி 40 நிமிடம். அந்த நாலரை மணி நேரத்தை விட்டுவிட்டு, "ஒன்பது மணி நேரம்தானே" என்று ஒரு வேளை மாத்திரையை மட்டும் கைப்பையில் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேற்கே போகிற அன்று நம் நாள் நாலரை மணி நேரம் நீளுகிறது. திரும்பி வருகிற அன்று சுருங்குகிறது. இன்சுலின் போடுகிறவர்கள் அந்த ஒரு நாளுக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இவ்வளவு யோசித்த நான், பயணமே செய்யாமல் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு இதனால் ஏதாவது வரும் என்று யோசிக்கவில்லை.

ஏழரைக்கு ஊசி, எட்டு மணிக்குத் தட்டு

அம்மா எங்களோடு டவுனுக்கு வர மாட்டாள். கிராமத்து வீட்டில், தென்னைக்கும் இரண்டு மாமரத்துக்கும் நடுவில், தனியாகத்தான் இருக்கிறாள். தம்பிக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. நான் ஊரில் இருக்கும்போது தினமும் சாயங்காலம் போய்விடுவேன். இன்சுலின் பேனாவை அம்மாவே போட்டுக்கொள்வாள், அதில் தடுமாற்றம் இல்லை. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. ஏழரைக்கு ஊசி, எட்டு மணிக்குச் சாப்பாடு. இதில் அம்மா போட மறந்ததில்லை. சாப்பிடுவதில்தான் பிரச்சினை. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அம்மாவுக்குப் பிடிக்காது. அப்பா இருந்த வரைக்கும் அவருக்குப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவாள். அப்பாவுக்குப் பிறகு நான்.

அதனால் கிளம்பும்போது ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இரவு எட்டு மணிக்கு நான் வீடியோவில் வருவேன். அங்கே எனக்கு மத்தியானம் மூன்றரை. அம்மா இட்லியோ களியோ தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்வாள், நான் டீயும் ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்வேன். சேர்ந்து சாப்பிட்ட மாதிரி. அந்தப் போனில் பச்சைப் பொத்தானைத் தேய்த்து எடுக்க மட்டும் அம்மாவுக்குத் தெரியும். தானாக யாரையும் கூப்பிடத் தெரியாது. கற்றுக்கொடுக்க நான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14 முதல் அக்டோபர் 26 வரைக்கும் ஒரு நாள் தவறவில்லை. பேத்தி பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி கூப்பிட்டேன். போனில் மூன்றரைக்கு அலாரம் வைத்திருந்தேன். அது அடிக்கும், நான் கூப்பிடுவேன். கையில் கட்டியிருந்த பழைய கைக்கடிகாரத்தை மட்டும் இந்திய நேரத்திலேயே விட்டு வைத்திருந்தேன். நடுவில் திரும்பிப் பார்த்தால், இப்போது அம்மா மாட்டுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பாள், இப்போது விளக்கேற்றுவாள் என்று நினைத்துக்கொள்ள.

லாபமாக வந்த ஒரு மணி நேரம்

இங்கிலாந்தில் அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலை, மணி இரண்டு ஆகும் நேரத்தில் கடிகாரம் ஒன்றுக்குத் திரும்புகிறது. ஒன்றிலிருந்து இரண்டு வரையிலான மணி நேரம் அன்று இரண்டு தடவை வரும். மகள் குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைப்பாள். அந்த ராத்திரிப் பக்கத்தில் 1.50 என்று ஒரு வரி, அடுத்த வரியில் 2.50 என்று இருக்கிறது. பார்த்தால் ஒரு மணி நேர இடைவெளி. நடுவில் போனது இரண்டு மணி நேரம். குழந்தை வழக்கமாகப் பசிக்கும் நேரத்துக்குத்தான் அழுதது. காலையில் அந்த நோட்டைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

வீட்டில் அன்று ஒரு சந்தோஷம் இருந்தது. "அத்தை, இன்னைக்கு ஒரு மணி நேரம் லாபம், நல்லாத் தூங்குங்க" என்று மருமகன் சொன்னார். நாலு நாளில் தீபாவளி. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சலாமா, முறுக்கோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று பேச்சு. பதினோரு மணி போலக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரித் தட்டில் வைத்தேன். திரும்பக் கட்டிக்கொள்ளவில்லை.

மூன்றரைக்கு அலாரம் அடித்தது. டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தது அம்மா இல்லை. பக்கத்து வீட்டுப் பெண், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "டீச்சர், ஆயாவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. கை நடுங்குச்சு. பேச்சும் கொழகொழன்னு வந்துச்சு. சர்க்கரைத் தண்ணி கலக்கிக் குடுத்தேன். இப்பத் தெளிஞ்சிடுச்சு, இட்லி சாப்பிடுது." ஏன் இவ்வளவு நேரம் சாப்பிடவில்லை என்று நான் பதறிக் கேட்டபோது, போனைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா சொன்னாள்: "நீ எட்டு மணின்னா எட்டு மணிக்குக் கூப்பிடுவே. குழந்தை வேலையா இருப்பே, இதோ வந்துடும்னு இருந்தேன் கண்ணு."

நிமிர்ந்து பார்த்தேன். அலமாரித் தட்டில் கைக்கடிகாரம் ஒன்பது மணி காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் எட்டே முக்காலுக்குக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றைக்கும் முழுதாக நினைத்துப் பார்ப்பதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் இரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கும். வேர்வை, நடுக்கம், குழறல், அப்புறம் மயக்கம். அவள் செய்தது மிகச் சரி: மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கொஞ்சம் தெளிந்ததும் சாப்பிட வைத்தது. பள்ளியில் எங்கேயோ கேட்டதாம்.

எங்களுக்கு அங்கே லாபமாக வந்த ஒரு மணி நேரமும் அம்மா இங்கே காத்திருந்த ஒரு மணி நேரமும் ஒன்றுதான். இதுதான் என்னை இன்றுவரைக்கும் குடைகிறது. போன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. லீட்ஸில் இருக்கும் எனக்கு லீட்ஸின் நேரத்தைக் காட்டியது. அலாரம் அந்த ஊரின் மூன்றரைக்குத்தான் அடிக்க வேண்டும், அடித்தது. ஆனால் நான் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு மூன்றரை இல்லை, எட்டு. அதைப் போனுக்கு நான் சொல்லவே இல்லை. சரியாக இருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தானாக மாறும் கருவியை நம்பினேன்.

"யாரு மாத்துனா?"

மறுநாள் அம்மாவிடம் விளக்கினேன். "இந்த ஊர்ல மணியை ஒரு மணி நேரம் குறைச்சிட்டாங்கம்மா."

"யாரு மாத்துனா?"

"கவர்மெண்டு. வருஷா வருஷம் ரெண்டு தடவை மாத்துவாங்க."

"ராத்திரியோட ராத்திரியாவா? சூரியன் எப்ப வந்துச்சு?"

சூரியன் எப்போதும் போலத்தான் வந்தது. புவியியல் டீச்சராக இருந்து நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அம்மா கேட்டுவிட்டாள் என்று தோன்றியது. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிருஷ்ணகிரி சுமார் 78.2 டிகிரி கிழக்கு, லீட்ஸ் சுமார் 1.5 டிகிரி மேற்கு. நடுவில் கிட்டத்தட்ட 80 டிகிரி. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 5 மணி 19 நிமிடம். நம் தலைக்கு மேல் வந்த சூரியன் அவர்கள் தெற்கு வானில் உச்சிக்கு வர வருடம் முழுவதும் அந்த 5 மணி 19 நிமிடம்தான் ஆகிறது. நாலரை, ஐந்தரை எல்லாம் மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டவை. நம் ஊர்க் கடிகாரமும் அப்படித்தான். மிர்சாபூர்த் தீர்க்கரேகையிலிருந்து நாம் நாலேகால் டிகிரிக்கு மேல் மேற்கே இருப்பதால், கிருஷ்ணகிரியில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12.17க்கு. 1906 ஜனவரி 1இல் இந்திய நேரம் என்று ஒன்று வருவதற்கு முன்னால் ரயில்வே பயன்படுத்தியது மதராஸ் நேரத்தை. அது இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்னால்.

அவர்கள் ஏன் மாற்றுகிறார்கள் என்பதையும் அங்கே இருந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். நம் ஊரில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகச் சிறிய பகலுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். லீட்ஸில் ஜூன் மாதப் பகல் சுமார் 17 மணி நேரம், டிசம்பர்ப் பகல் ஏழரை மணி நேரம். கடிகாரத்தைத் தள்ளாமல் விட்டால் கோடையில் மூன்றரைக்கெல்லாம் விடிந்து, ஊரே தூங்கிக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் வீணாகும். வில்லியம் வில்லெட் என்ற வீடு கட்டும் ஒப்பந்தக்காரர் காலையில் குதிரையில் போகும்போது இதைப் பார்த்து மனம் பொறுக்காமல் 1907இல் ஒரு சிறு புத்தகம் போட்டார். 1915இல் இறந்துபோனார். மறு வருடம் முதலில் ஜெர்மனி, அடுத்து பிரிட்டன், போர்க்காலத்தில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இதைச் சட்டமாக்கின. இன்றுவரைக்கும் அவர்களுக்குள்ளேயே இது வேண்டாம் என்று சண்டை நடக்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் இதை நிறுத்த வாக்களித்தும் நின்றபாடில்லை.

அம்மாவின் கேள்விக்கு இன்னொரு பதில் ஜாதகத்திலிருந்து வந்தது. பேத்தி பிறந்தது செப்டம்பர் 29, அந்த ஊர் நேரப்படி விடியற்காலை 5.40. தம்பி அதைக் காவேரிப்பட்டணத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பார்க்கும் ஜோதிடரிடம் கொடுத்திருக்கிறான். அவர் முதலில் கேட்டது, "அங்க அப்ப சம்மர் டைம் ஓடுதா?" என்பதைத்தான். ஓடினால் ஒரு மணி நேரம் கழித்துவிட்டு 4.40 என்று எடுத்துத்தான் கணிக்க வேண்டும். ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம்தான் நிற்கும், ஒரு மணி நேரம் தப்பினால் லக்னமே மாறிவிடலாம். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, நேரத்தை இவ்வளவு கவனமாகக் கேட்ட முதல் மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான். எப்படித் தெரியும் என்று ஊருக்கு வந்த பிறகு கேட்டேன். "நம்ம நாட்டுலயே ஓடியிருக்கே டீச்சர். யுத்த காலத்துல பொறந்தவங்க ஜாதகத்துக்கு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் போடணும்" என்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரைக்கும், இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். கிரீன்விச்சுக்கு ஆறரை மணி நேரம் முன்னால். அம்மா பிறந்தது 1943, சுபானு வருடம் ஆவணி. ராத்திரியோடு ராத்திரியாக மணியை மாற்றுவார்களா என்று என்னைக் கேட்ட அம்மா, அப்படி மாற்றி வைத்த காலத்தில் பிறந்தவள்.

தாத்தா எழுதி வைத்த பழைய நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டிருக்கிறார்களா, கழிக்காமல் விட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. அதில் மணியே இல்லை. உதயாதி நாழிகை என்று எழுதியிருந்தது. அதாவது அன்று எங்கள் ஊரில் சூரியன் உதித்ததிலிருந்து எத்தனை நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாளைக்கு 60 நாழிகை. டெல்லியில் கடிகாரத்தை முன்னால் தள்ளினாலும் பின்னால் தள்ளினாலும் அந்த எண் மாறப்போவதில்லை. எங்கள் பக்கம் மணியைச் சொல்ல ரயில்கூட அப்போது இல்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்த சின்ன ரயில் பாதையைப் போர்க்காலத்தில் எடுத்துவிட்டார்கள். ஊர் அதன் போக்கில் விடிந்து, அதன் போக்கில் இருட்டியிருக்கிறது. அந்த நோட்டை ரொம்ப நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாறாத பக்கத்தில் முடிச்சு

நான் இப்போது சொல்வது ஒன்றுதான். இரண்டு ஊரில் இருக்கிற இரண்டு பேர் ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொண்டால், கடிகாரம் மாறாத ஊரின் நேரத்தில் முடிச்சுப் போட வேண்டும். அதுவும் ஒரு பக்கம் மருந்து, ஊசி, தனியாக இருக்கும் வயதானவர் என்று இருந்தால், அந்தப் பக்கத்து நேரத்தில்தான். மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். போன் அலாரம் இதற்கு உதவாது. நாம் எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர் மணிக்குத்தான் அது அடிக்கும். போனில் இருக்கும் நாட்காட்டியில் ஒரு நிகழ்ச்சியைப் பதியும்போது எந்த ஊர் நேரம் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. அதில் இந்திய நேரம், இரவு எட்டு என்று போட்டுத் தினமும் வரும்படி வைத்துவிட்டால், 26ஆம் தேதி மூன்றரைக்கும் 27ஆம் தேதி இரண்டரைக்கும் அதுவே நினைவூட்டும். இந்த வசதி அப்போதும் என் கையில் இருந்த போனிலேயே இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, அவள் வீட்டில் இது வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும் சண்டை என்றாள். நியூயார்க்கில் காலை ஒன்பது மணிக் கூட்டம் குளிர்காலத்தில் இவளுக்கு இரவு ஏழரை, கோடையில் ஆறரை. குழந்தையை டியூஷனிலிருந்து கூட்டி வரும் நேரம் மார்ச்சில் திடீரென்று இடிக்கும். அமெரிக்கா மாற்றும் நாளும் ஐரோப்பா மாற்றும் நாளும் வேறு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நடுவில் வரும் வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் உள்ள வித்தியாசமே மாறிப்போகும். அமெரிக்காவுக்குள்ளேயே அரிசோனாவின் பெரும்பகுதி மாற்றுவதில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி அக்டோபரில் முன்னால் தள்ளும், பிரிஸ்பேன் தொடாது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. போகிற நாட்டில் நாம் தங்கும் நாட்களுக்குள் மணி மாறுகிறதா, எந்தத் தேதியில் என்று ஒரு தடவை பார்த்து, அந்தத் தேதியை நம்மோடும் ஊரில் விட்டுவந்தவர்களோடும் குறித்துக்கொண்டால் போதும்.

அம்மா தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டு மணிக்கு டிவியில் வரும் தொடரின் பாட்டுக் கேட்டதும் சாப்பிட உட்கார்ந்துவிடுவது, போன் வந்தாலும் வராவிட்டாலும். "நீ வர்றப்ப வா, நான் சாப்பிட்டுட்டுப் பேசறேன்" என்றாள். எனக்கு முதலில் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. நான் திரும்பி வரும் வரைக்கும் அப்படியேதான் நடந்தது. நான் இரண்டரைக்குக் கூப்பிடுவேன், அம்மா மென்றுகொண்டே எடுப்பாள்.

பொங்கலுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தேன். இப்போது எட்டு மணிக்கு மகள் கூப்பிடுகிறாள், நானும் அம்மாவும் இந்தப் பக்கம். 2025 மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை யுகாதி. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள், காலையிலேயே இரண்டு வீட்டிலிருந்து ஒப்பட்டு (போளி) வந்துவிட்டது. அம்மாவுக்கு விள்ளலில் பாதி கொடுக்கலாமா என்று யோசித்தபடி சமையலறையில் நின்றபோது, கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "இன்னைக்குத்தானே அந்த ஊர்ல முள்ளைத் தள்ளுவாங்க? பாப்பாவுக்குச் சொல்லிட்டியா?"

வெளியே வந்து பார்த்தேன். அம்மா தினசரிக் காலண்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தேதித் தாளில், யுகாதி என்று அச்சடித்ததற்குக் கீழே, நீல மையில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையெழுத்தில் "லீட்ஸ் மணி மாறும்" என்று எழுதியிருந்தது. நான் லீட்ஸில் இருந்த நாட்களிலேயே அம்மா அந்தப் பெண்ணிடம் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, புதுக் காலண்டர் வந்ததும் எழுதச் சொன்னாளாம்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் பாட்டு வந்தது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், போன் அடித்தது.